காருக்குள் ‘செல்லப் பாம்பு!’ உண்மையை மறைத்ததால் மெக்கானிக் கையில் 4 தையல்

(நமது நிருபர்)

சென்னை,-

“டேஷ்போர்டு பக்கம் ஏதோ சத்தம் வருது. கழற்றிப் பாருங்க.”

இப்படிச் சொல்லித்தான் அந்தக் கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ராயப்பேட்டை பக்கம் ஒரு சந்து. நாலு கார் நின்றாலே அடைத்துக் கொள்ளும் இடம். வண்டியை விட்டவர் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் வாலிபர். சாவியைக் கொடுத்துவிட்டு எதிர் டீக்கடையில் போய் நின்று கொண்டார். வீட்டுக்கும் போகவில்லை, ஆபீசுக்கும் போகவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

மெக்கானிக்குக்கு ஐம்பது வயசு இருக்கும். சந்தில் எல்லாருக்கும் அவர் “அண்ணன்”தான். இடது பக்க சீட்டுக்கு முன்னால் குனிந்து, டேஷ்போர்டுப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, புளோயர் இருக்கும் இடத்தில் கையை விட்டார்.

ஏதோ ஜில்லென்று பட்டது. ரப்பர் பைப் என்று நினைத்துப் பிடித்தார். பைப் நகர்ந்தது.

“ஐயோ பாம்பு!”

அவர் பின்னால் பாய்ந்த வேகத்தில் கதவு விளிம்பில் முழங்கை மோதிக் கிழிந்தது. ரத்தம். பையன்கள் ஓட்டம். டீக்கடையிலிருந்து வாலிபர் ஓடி வந்தார். வந்தவர் அண்ணனின் கையைப் பார்க்கவில்லை. காருக்குள் எட்டிப் பார்த்து, “அடிச்சிடாதீங்க, அடிச்சிடாதீங்க! அது ஒண்ணும் பண்ணாது. எங்க வீட்டுப் பாம்புதான்” என்றார்.

சந்தே ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றது.

3 நாள் ரகசியம்

வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நான் பகல் 11 மணியிலிருந்து அங்கேயே நின்றுவிட்டேன். விசாரித்ததில் தெரிந்த கதை இது:

வாலிபர் வளர்த்து வந்தது ‘பால் பைத்தான்’ என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு. (பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பயந்தால் பந்து மாதிரி சுருண்டு கொள்வதால் இங்கிலீஷில் அப்படிப் பேர்.) சுமார் 3 அடி நீளம். விஷம் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் நாடுகளைச் சேர்ந்த இனம். மூன்று நாளுக்கு முன் வீடு மாறும்போது துணிப்பையில் போட்டு காரில் எடுத்துப் போயிருக்கிறார். முடிச்சு சரியாகப் போடவில்லை. போய்ச் சேர்ந்து பார்த்தால் பை காலி!

மூன்று ராத்திரி டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார். அகப்படவில்லை. டேஷ்போர்டைக் கழற்றினால்தான் முடியும் என்று தோன்றியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் எந்த ஒர்க்‌ஷாப்காரரும் வண்டியைத் தொடமாட்டார். போலீசுக்குத் தகவல் போனாலும் ஆபத்து. ஏனென்றால் பாம்புக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட அவரிடம் இல்லை. அதனால்தான் “சத்தம் வருது” என்ற பொய்.

கை கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிய அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கடிக்காதுன்னு உனக்குத் தெரியும் தம்பி. எனக்குத் தெரியுமா?”

வாலிபரிடம் பதில் இல்லை. நாலு தையல். ரெண்டு நாள் வேலை போச்சு. வீட்டில் கேட்டால் என்ன சொல்லுவது, பாம்பு கடிக்கவில்லை ஆனால் தையல் போட்டிருக்கிறது என்றா?

சட்டம் என்ன சொல்லுகிறது?

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றும். ஐகோர்ட் பக்கம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் தருகிறேன்.

நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்கவே கூடாது. சாரையோ, நல்ல பாம்போ, மண்ணுளியோ, எதுவானாலும் சரி. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. மகுடி ஊதி வித்தை காட்டும் பிழைப்புக்குக் கதவடைத்ததும் இதே சட்டம்தான்.

வெளிநாட்டுப் பாம்பு விஷயம் வேறு. ரொம்ப நாள் வரைக்கும் அந்தச் சட்டத்தில் அவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. கள்ளத்தனமாக வந்து சேர்ந்தால் கஸ்டம்ஸ்காரர்கள் விமான நிலையத்தில் பிடித்தால் உண்டு. வெளியே வந்துவிட்டால் கேட்பாரில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு ஒரு சலுகை கொடுத்தது. ஆறு மாசத்துக்குள் தானாக முன்வந்து “என்னிடம் இன்ன பிராணி இருக்கிறது” என்று சொன்னால், எங்கே வாங்கினாய், ரசீது எங்கே என்று கேட்கமாட்டோம் என்றது. நம்ம வாலிபர் அப்போது காலேஜ் மாணவர். பாம்பு வாங்கியதே அதற்குப் பிறகுதான்.

அடுத்து 2022-ல் சட்டத்தையே திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அமல். சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளுக்குத் தனி அட்டவணை போட்டார்கள். மலைப்பாம்புக் குடும்பம் பூராவும் அந்தப் பட்டியலில் வருகிறது. 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன. கையில் இருப்பவர்கள் ஆறு மாசத்துக்குள் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், செத்தாலும், கை மாறினாலும் தகவல் தர வேண்டும். அந்தக் கெடு 2024 ஆகஸ்டோடு முடிந்தது.

பதிவு செய்தவர் நெஞ்சை நிமிர்த்திக் கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கே போன் போடலாம். செய்யாதவர் டீக்கடையில் ஒளிந்து நிற்க வேண்டியதுதான்.

எப்படி வருகின்றன?

ஆப்பிரிக்கப் பாம்பு ராயப்பேட்டைக்கு எப்படி வந்தது? பாங்காக், கோலாலம்பூர் விமானங்களில் வரும் பெட்டிகளைக் கேட்டால் சொல்லும். 2023 ஏப்ரல் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து மீனம்பாக்கம் வந்திறங்கிய ஒரு பெண்ணின் பெட்டிகளைத் திறந்த கஸ்டம்ஸ்காரர்கள் திகைத்துப் போனார்கள். பிளாஸ்டிக் டப்பா டப்பாவாக 22 பாம்புகள்! கூடவே ஒரு பச்சோந்தி. தரையில் ஊர்ந்த பாம்பை அதிகாரிகள் நீளக் கம்பியால் தள்ளிய காட்சியை ஊரே செல்போனில் பார்த்தது.

பிடிபடுவது போக, பிடிபடாமல் வெளியே வருவதும் இருக்கத்தான் செய்யும். இல்லாவிட்டால் ரசீது இல்லாத பாம்பு ஏது?

பால் பைத்தானோடு போனால் கூடப் பரவாயில்லை. 2025 ஜூன் தொடக்கத்தில் பம்பாய் விமான நிலையத்தில் தாய்லாந்திலிருந்து வந்த ஒரு பயணியிடம் சிக்கிய பாம்புகள் அத்தனையும் விஷ விரியன்கள். இங்கேதான் அடிவயிற்றைக் கலக்குகிறது. நம் நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வெளிநாட்டு விரியன் கடித்தால் ஜி.எச். டாக்டர் என்ன மருந்தைப் போடுவார்? மருந்தே இங்கே கிடையாது. அப்படி ஒன்று டேஷ்போர்டுக்குள் இருந்து, ஒரு மெக்கானிக் ரப்பர் பைப் என்று நினைத்துப் பிடித்தால்? அண்ணனுக்கு நாலு தையலோடு போனது பெரிய அதிர்ஷ்டம்.

தப்புக்கு மேல் தப்பு

சந்துக்கு மறுபடி வருவோம். பாம்பு என்று தெரிந்ததும் ஆளுக்கு ஒரு யோசனை. “மண்ணெண்ணெய் ஊத்து.” “பினாயில் தெளி.” “சாம்பிராணி புகை போட்டா வந்துடும்.” “ஏ.சி.யை முழுசா வை, குளிர் தாங்காம ஓடும்.” ஒரு பெரியவர் பூண்டு கேட்டார்.

இதில் ஒன்றைச் செய்திருந்தாலும் விபரீதம். பாம்புக்குக் கண்ணும் தோலும் மென்மை. மண்ணெண்ணெய், பினாயில் பட்டால் வெந்துபோகும். செத்தால் டேஷ்போர்டுக்குள்ளேயே அழுகும். புகை போட்டால் உள்ளே இன்னும் ஆழமாகத்தான் போகும். ஏ.சி. போட்டால் புளோயர் விசிறி சுற்றும். உடம்பு அதில் சிக்கினால் கைமாதான். சீட்டை முன்னே பின்னே தள்ளுவதும் அப்படியே. ஸ்லைடு கம்பியில் மாட்டினால் முதுகெலும்பு முறியும்.

நல்ல வேளையாக, யாரோ ஒருவர் போன் போட்டு பாம்பு பிடிக்கும் ஆள் வந்து சேர்ந்தார். வனத்துறையோடு சேர்ந்து வேலை பார்ப்பவர். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். கையில் குச்சியும் இல்லை, மகுடியும் இல்லை. ஒரு டார்ச்சு, ஒரு தலையணை உறை. அவ்வளவுதான்.

வந்ததும் பாம்பைத் தேடவில்லை. முதலில் வாலிபரைத் தனியே கூப்பிட்டு, “உண்மையைச் சொல்லு தம்பி. என்ன இனம்? போட்டோ காட்டு. வேற ஏதாச்சும் உள்ளே இருக்கா?” என்று மூன்று தடவை கேட்டார். போனில் படத்தைப் பார்த்த பிறகுதான் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. “சொந்தக்காரன் சொன்னான்னு நம்பி கை விடக் கூடாது சார். வண்டி மூணு நாளா வெளியில நின்னிருக்கு. உள்ளே இருக்கறது அவன் பாம்புதான்னு என்ன நிச்சயம்?” என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான் அதை யோசிக்கவே இல்லை.

காத்திருந்து பிடித்தார்

அடுத்த வேலை, பேட்டரியில் நெகட்டிவ் வயரைக் கழற்றியது. புதுக் கார்களில் டேஷ்போர்டிலும் சீட்டிலும் ஏர்பேக் இருக்கிறது. கரண்டு இருக்கும்போது தெரியாமல் வயரை இழுத்தால் வெடித்து முகத்தில் அடிக்கும். பானெட்டுக்குள் இருக்கும் ரேடியேட்டர் விசிறியும் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றும். பாம்புக்கும் ஆபத்து, கைக்கும் ஆபத்து.

பிறகு காரை எல்லாரும் சேர்ந்து தள்ளி ஷெட்டின் நிழலுக்குக் கொண்டு போனார்கள். இதுதான் முக்கியம் என்றார். மூடிய கார் மெட்ராஸ் வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரிக்கு மேல் போகும். பாம்புக்குத் தன் உடம்புச் சூட்டைக் குறைத்துக் கொள்ளத் தெரியாது. சுற்றி இருக்கும் சூடுதான் அதன் சூடு. 40-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூன்று நாள் அது பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம், வண்டி அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் நின்றதுதான்.

சீட்டுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே, கியர் பெட்டி ஓரம், டிக்கியில் ஸ்டெப்னி குழி என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்தார். பாம்பு குறுகிய இடத்தைத்தான் தேடும். உடம்பின் எல்லாப் பக்கமும் ஏதாவது இடித்துக்கொண்டு இருந்தால்தான் அதற்குப் பத்திரம் என்று தோன்றுமாம். அதனால் விசாலமான பின் சீட்டில் தேடுவது வீண். கடைசியில் புளோயருக்குப் பின்னால், வயர்க் கட்டைச் சுற்றிக்கொண்டு இருந்தது. வால் மட்டும் தெரிந்தது.

“பிடிச்சு இழுங்க” என்று வாலிபர் துடித்தார்.

“இழுத்தா விலா எலும்பு உடையும். அது வயரைப் பிடிச்சிருக்கு. நீ இழுக்க இழுக்க அது இறுக்கும்” என்று சொல்லிவிட்டு, வாலில் விரலால் லேசாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தொட்டால் பாம்பு முன்பக்கம் நகரும். முன்பக்கம் வெளியே வர வழி இருந்தால் அப்படியே வரவைத்து விடலாம். ஆனால் இதன் தலை இன்னும் உள்ளேதான் இருந்தது. தொடத் தொட ஆழமாகப் போயிற்று. உடனே கையை எடுத்துவிட்டார். முழு டேஷ்போர்டையும் கழற்றலாம். ஒரு நாள் வேலை, ஆயிரக்கணக்கில் செலவு. “அவசரம் இல்லை. பாம்பு வாரக் கணக்கில் பட்டினி கிடக்கும். ராத்திரி தானா வரும்” என்றார்.

வெளிநாடுகளில் இந்த மாதிரி நேரத்தில் வெந்நீர்ப் பை, சூடு போடும் மெத்தை எல்லாம் காருக்குள் வைப்பார்களாம். குளிரில் விறைத்த பாம்பு சூட்டைத் தேடி வரும். அதை இங்கே அப்படியே காப்பியடிப்பதில் பிரயோசனம் இல்லை என்பது இவர் கருத்து. “நம்ம ஊர்ல சூட்டுக்கா பஞ்சம்? இங்கே தண்ணியும் இருட்டும்தான் இழுக்கும்.”

வாலிபரின் வீட்டிலிருந்து பாம்பு வழக்கமாகப் பதுங்கும் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கழுவாமல், அதன் வாசனையோடு. அதை இடது சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் வைத்தார். ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஈரத் துண்டு. பெட்டி வாசலில் பாம்புக்குப் போடும் செத்த வெள்ளெலி ஒன்று. தரை பூராவும் அரிசி மாவு லேசாகத் தூவினார். ஊர்ந்தால் தடம் தெரியும். சீட்டின் மேல் பழைய பேப்பர் விரித்தார். ஊர்ந்தால் சத்தம் கேட்கும். (விரித்தது நம்ம பத்திரிகைதான் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக் கொள்கிறேன்.) நாலு கண்ணாடியையும் இறுக்கி ஏற்றி, கியர் கம்பியைச் சுற்றி உள்ள சந்து, பெடல் பக்கத்து ஓட்டை எல்லாவற்றிலும் துணி அடைத்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். பாம்புக்கு நம்மைப் போல் காது கிடையாது. தரையில் வரும் அதிர்வுதான் பெரிசாகத் தெரியும். கூட்டம் நடமாடினால் ராத்திரி பூராவும் வராது.

ஷெட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அண்ணனும் வீட்டுக்குப் போகவில்லை. “என் ஷெட்டுல இருக்கு. நான் எப்படித் தூங்கறது?” என்றார். ஒன்பதரை மணிக்குமேல் பேப்பர் சரசரத்தது. பாம்பு பிடிப்பவர் ஐந்து நிமிஷம் அசையவில்லை. டார்ச் அடித்தபோது அது பெட்டிக்குள் பாதி உடம்பு போயிருந்தது. மாவில் அழகாகக் கோடு. பெட்டியை அப்படியே மூடித் தூக்கினார். முடிந்தது!

ஒரு கீறல் இல்லை. செலவு? மாவும் டீயும். இதையே முதல் நாள் ராத்திரியே செய்திருக்கலாம். சொல்ல ஆள் இருந்தால்.

நம்ம ஊர் பாம்பு என்றால்?

வாசகர்கள் இதைப் படித்துவிட்டு, தங்கள் வண்டியில் பாம்பு புகுந்தால் மாவும் பெட்டியும் வைக்கக் கிளம்பிவிட வேண்டாம். மேலே சொன்னது, இன்ன பாம்பு என்று தெரிந்து, அதற்கு விஷம் இல்லை என்றும் தெரிந்தபோது செய்வது.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, தாம்பரம், முடிச்சூர் பக்கம் மழைக்காலத்தில் ஸ்கூட்டருக்குள்ளும் காருக்குள்ளும் புகுவது நம் ஊர் பாம்பு. பொந்தில் தண்ணீர் ஏறினால் அது எங்கே போகும்? காய்ந்த இடம், இடுக்கு, எஞ்சினின் மிச்சச் சூடு. பானெட்டுக்கு அடியில் எலி இருந்தால் அதைத் தேடியும் வரும். பாதி நேரம் அது சாரையாகவோ தண்ணீர்ப் பாம்பாகவோ இருக்கும். ஆனால் வெள்ளிக்கோல் வரையனும் கட்டுவிரியனும் பார்வைக்கு ஒரே மாதிரி. முன்னது அப்பாவி, பின்னது எமன். அரை இருட்டில் டார்ச் அடித்து வித்தியாசம் கண்டுபிடிக்கும் அளவுக்கு உங்களுக்கும் எனக்கும் படிப்பு இல்லை.

செய்ய வேண்டியது சுலபம். வண்டியை ஓட்டாதீர்கள். ஓடும்போது பார்த்துவிட்டால் பதறாமல் ஓரம் கட்டி, இறங்கி, தள்ளி நில்லுங்கள். அது போகிறதா என்று ஒருத்தர் தூரத்திலிருந்து கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். 101-க்குப் போன் போடுங்கள், அல்லது வனத்துறைக்கு. போனில் ‘லைக்’ வாங்குவதற்காகப் பாம்புக்கு முத்தம் கொடுக்கும் ஆசாமிகளைக் கூப்பிடாதீர்கள். 2025 மார்ச்சில் கோவையில் இறந்தவர் எத்தனையோ வருஷம் பாம்பு பிடித்த அனுபவசாலி. நல்ல பாம்பு ஒரே கடி. அனுபவசாலிக்கே அந்தக் கதி.

கடித்துவிட்டால் கட்டுப் போடாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. அசையாமல் வைத்து 108-ல் ஏற்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடிக்கு ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம் பேர் பலி என்று 2020-ல் வந்த ஆராய்ச்சிக் கணக்கு சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் ஒவ்வொரு பாம்புக் கடியையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது

பாம்பு தானாகப் போயிருக்கும் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு உதாரணம். 2023 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் ருடால்ப் எராஸ்மஸ் என்ற விமானி நாலு பயணிகளோடு சின்ன விமானத்தில் பறந்து கொண்டிருந்தார். இடுப்புப் பக்கம் ஜில்லென்று ஏதோ பட்டது. தண்ணீர் பாட்டில் ஒழுகுகிறது என்று நினைத்தார். குனிந்தால், கேப் கோப்ரா என்ற கடும் விஷ நாகம் சீட்டுக்கு அடியில் நுழைந்து கொண்டிருந்தது! பதறாமல் பயணிகளிடம் விஷயத்தைச் சொல்லி, வெல்காம் என்ற ஊரில் பத்திரமாக இறக்கினார். கிளம்பும் முன்பே விமானத்துக்குக் கீழே ஒரு பாம்பை அங்கே இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். தேடிப் பார்த்துக் காணாததால் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள். இறங்கிய பிறகு சீட்டு, தகடு எல்லாம் கழற்றித் தேடியும் அது கிடைக்கவில்லை.

விமானி பயணிகளிடம் உண்மையைச் சொன்னார். அதைத்தான் நம்ம வாலிபர் செய்யவில்லை.

அதிகாரிகள் கவனிப்பார்களா?

வாலிபரை மட்டும் திட்டித் தீர்ப்பதில் அர்த்தம் இல்லை. பொய் சொன்னது தப்பு. ஒருத்தர் ரத்தம் சிந்தியிருக்கிறார். ஆனால் கெடு முடிந்துவிட்டது, இனி போய்ச் சொன்னால் கேஸ் என்ற பயத்தில் இவரைப் போல் எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்களோ? கண்ணாடித் தொட்டியை விட்டு வெளியே போகிற பாம்பு கார் டேஷ்போர்டோடு நிற்காது. பக்கத்து வீட்டுப் பாத்ரூமுக்கும் போகும். அப்போதும் அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். சட்டத்தை மீறிக் கடத்தியவன் மீது கை வைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? தப்பிப்போன பிராணியைப் பற்றித் தகவல் கொடுக்கிறவனுக்கு மட்டுமாவது ஒரு தனிப் போன் நம்பரும், அந்தத் தகவலுக்காகவே உள்ளே தள்ளமாட்டோம் என்ற உறுதியும் கொடுத்தால் என்ன?

இன்னொன்று. பாம்பு பிடிப்பவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, செல்போனிலேயே கூப்பிடும் ஏற்பாட்டைக் கேரள வனத்துறை 2020-ல் ‘சர்ப்பா’ என்ற பெயரில் தொடங்கியது. பாம்பு அறிவில் நமக்குக் கேரளத்திடம் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா அரசே மலைப்பாம்பு பிடிக்க அவர்களை வரவழைத்தது. அங்கே தொல்லை கொடுக்கும் பர்மா மலைப்பாம்புகளும் ஒரு காலத்தில் ஆசைக்கு வளர்க்க இறக்குமதியான இனம்தான். தப்பியதும் விட்டதும் பெருகி, காட்டையே தின்றுகொண்டிருக்கின்றன.

ஒர்க்‌ஷாப்காரர்களைப் பற்றியும் யாரும் நினைப்பதில்லை. வண்டிக்குள் எலி, தேள், பாம்பு எது இருந்தாலும் முதலில் கை விடுகிறவர் அவர்தான். ஜாப் கார்டில் கிளட்ச், பிரேக், ஏ.சி. என்று நாற்பது கட்டம் அச்சடிக்கிறார்கள். “உள்ளே உயிருள்ள ஏதாவது உண்டா?” என்று ஒரு கட்டம் கிடையாது.

பாம்பை வனத்துறை ஆட்கள் மறுநாள் காலையில் வந்து வாங்கிக் கொண்டு போனார்கள். வாலிபரிடம் எழுதி வாங்கிக் கொண்டார்கள். கேஸ் உண்டா இல்லையா என்பது இதை எழுதும் வரை தெரியவில்லை. கார் இன்னும் ஷெட்டில்தான் நிற்கிறது. டேஷ்போர்டுப் பெட்டியை மாட்ட வேண்டும். அண்ணன் ஒற்றைக் கையால் டீ குடித்துக்கொண்டே, புதிதாக வந்த ஒரு வண்டிக்காரரிடம், “சார், சத்தம் வருதுன்னு சொல்றீங்களே, நிஜமாவே சத்தம்தானா?” என்று கேட்டுக் கொண்டிருந்தார். தையல் போட்ட பில்லை வாலிபர் கட்டிவிட்டார். ரெண்டு நாள் கூலி இன்னும் வரவில்லை.